வடிகட்டாம அனுப்புங்கண்ணே

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கு ஜாப் வரிசையைப் பார்த்துத்தான் முதலில் உறைத்தது. தினமும் காலையில் எங்கள் கிளஸ்டரில் எதையாவது ஓட்டக் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாள். அந்த வாரம் ஒன்றுமே கொடுக்கவில்லை. அவளுடைய யூசர் பெயரைப் போட்டு வடிகட்டிப் பார்த்தேன். தலைப்பு வரி மட்டும் வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மிளகாய் பறிக்கிற நேரம், ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களின் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், கடலோரத்தில் உள்ள ஒரு ஆய்வு நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு கிளஸ்டர் இருக்கிறது. நிறைய கணினிகளை ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய கணினி போல வேலை வாங்குகிற ஏற்பாடு அது. கடல் நீரோட்டம், அலை, மழை என்று கணக்குப் போடுகிறவர்கள் தங்கள் கணக்கை அதில் கொடுப்பார்கள். ஒவ்வொரு கணக்கும் ஒரு ஜாப். இடம் இருந்தால் உடனே ஓடும். இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதும், குளிர் அறையில் கிடக்கிற இயந்திரங்களை உப்புக்காற்று தின்றுவிடாமல் காப்பதும் என் பொறுப்பு. காலையில் வந்ததும் முழு வரிசையையும் திரையில் வரவழைப்பேன். அது நீளமாக ஓடும். பிறகு பெயரைப் போட்டோ, நிலையைப் போட்டோ வடிகட்டுவேன். ஓடிக்கொண்டிருப்பவை மட்டும், காத்திருப்பவை மட்டும், ஒரே ஆளுடையவை மட்டும் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

அவள் மழைக் கணக்குப் போடுகிறவள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். நயினார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். வானம் பார்த்த பூமியில் நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். தாய் அவள் பள்ளிக்கூடம் படிக்கிறபோதே இறந்துவிட்டார். அவளும், அய்யா என்று அவள் கூப்பிடுகிற அப்பாவும்தான் வீட்டில். ஐப்பசி, கார்த்திகை மழை எந்த ஊரில் எப்படி விழும், அந்த ஊர்க் கண்மாய் நிறையுமா, நிறைந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஊருக்கு ஒரு ஜாப். ஜாபின் பெயராக அந்த ஊரின் பெயரையே வைப்பாள். அவள் பெயரைப் போட்டு வடிகட்டினால் நயினார்கோவில், முதுகுளத்தூர், ஏர்வாடி என்று வரிசையாக வந்து நிற்கும்.

"என் ஜாப் எல்லாம் நம்ம பக்கத்து டவுன் பஸ்ஸுண்ணே. போர்டப் பாத்தாலே எங்க போகுதுன்னு தெரிஞ்சிரும்" என்பாள்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். அதனால் என்னிடம் மட்டும் அந்த உரிமை. மற்றவர்கள் தங்கள் ஜாப் ஏன் நிற்கிறது என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவள் நேரே என் மேஜைக்கு வந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அண்ணே, முதுகுளத்தூரு எங்கன நிக்குது?" என்று கேட்பாள். நான் வடிகட்டிக் காட்டுவேன். முன்னால் எத்தனை பேர் என்று விரலால் திரையைத் தொட்டு எண்ணுவாள். "இன்னைக்கு ஏறாது. நாளைக்கு வாரேன்" என்று போய்விடுவாள். முன்னால் தள்ளிவிடச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் அய்யா என் எண்ணை எங்கிருந்தோ வாங்கி அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மிளகாய்க் காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மதுரையில் ரத்தப் புற்று என்றார்கள்.

"ஆபீஸ்ல சொல்லிருங்க தம்பி. கொஞ்ச நாள் வரமாட்டா" என்றார். "கொஞ்ச நாள்" என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மதுரைக்குப் போனேன். மொட்டையடித்த தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி. மடியில் லேப்டாப். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, அவள் படுப்பதற்கு முந்திக் கொடுத்துவிட்டு வந்த கணக்கின் முடிவுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்பதைத்தான்.

"இருக்கும்மா. அதை யாரு தொடப் போறா?"

"அப்ப மிச்சத்தையும் இங்கன இருந்தே கொடுத்திர்றேண்ணே. ஆனா இங்க நெட்டு சரியா கெடைக்க மாட்டேங்குது. ஜாபக் கொடுக்குற அளவுக்குத்தான் வருது. உள்ள போயி லிஸ்ட்டப் பாக்கணும்னா பாதியிலயே அந்துருது. காலையில நீங்க பாக்கையில என் பேரு போட்டு எடுத்து எனக்கு ஒண்ணு அனுப்பிருவியளா?"

அது பெரிய வேலையா? மறுநாளிலிருந்து அனுப்பினேன். காலையில் வந்ததும் அவள் பெயரைப் போட்டு வடிகட்டுவேன். ஓடுபவை, காத்திருப்பவை, முடிந்தவை, தோற்றுப்போனவை என்று எல்லாவற்றையும் ஒரு படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். சில நாள் உடனே வரும். சில நாள் மதியத்துக்கு மேல் வரும். வர நேரமானால் எனக்கு வேலை ஓடாது. வரிசையை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். புதிதாக ஒரு ஊரின் பெயர் சேர்ந்திருந்தால், எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் டீ.

அவள் கணக்குகளில் பாதி தோற்றுப்போகும். அது சகஜம். ஒரு எண் தப்பாக இருந்தாலும், நினைவகம் போதாவிட்டாலும் நடுவில் நின்றுவிடும். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். திருத்தி மறுபடி கொடுப்பாள். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் அய்யா அழைத்தார். வராந்தாவுக்கு வந்து நின்று பேசுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"தம்பி, நீங்க காலையில அனுப்புறியளே ஒரு படம், அதுல என்ன இருக்கு?"

சொன்னேன்.

"ஓடாம நின்னுபோனது இருந்தா அன்னைக்குப் பூரா சாப்பிட மாட்டேங்குறா. செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா. மருந்து வேற வாந்தியா வருது. ஒரு ஒதவி செய்யுங்க. நல்லா முடிஞ்சத மட்டும் அனுப்புங்க. நின்னுபோனத அனுப்ப வேணாம். பொறவு தேறி வந்து பாத்துக்கட்டும்."

எனக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும், தோற்றவை எல்லாம் பட்டியலிலிருந்து விலகிவிடும். அடுத்த நாளிலிருந்து அப்படியே செய்தேன். ஓடுபவையும் காத்திருப்பவையும் முடிந்தவையும் மட்டும் போயின. கட்டைவிரலும் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு தடவை அழைத்து, "ரெண்டு இட்லி சாப்பிட்டா தம்பி" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம்கூடப் போயிருக்காது. அவளே அழைத்தாள். பேச்சு மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. ஆனால் கோபம் இருந்தது.

"அண்ணே, ஏர்வாடி எங்கண்ணே?"

நான் அவள் பெயரைத் தட்டி முழுப் பட்டியலையும் எடுத்தேன்.

"திங்கக்கெழம கொடுத்தேன். ஓடுறதுலயும் இல்ல, முடிஞ்சதுலயும் இல்ல. காத்துக்கிட்டும் இல்ல. அப்பறம் எங்க போச்சு? பஸ்ஸு கடலுக்குள்ள எறங்கிருச்சா?"

"நின்னுபோச்சும்மா. நெனவகம் பத்தல. நீ தேறி வந்து..."

"யாரு சொன்னா மறைக்கச் சொல்லி? அய்யாவா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இங்கன டாக்டருல இருந்து அய்யா வரைக்கும் எல்லாரும் வடிகட்டித்தான்ணே சொல்றாக. நல்லது மட்டும் எங்கிட்ட வருது. ஒரு சீட்டு வந்தா அதுல பாதிய மடிச்சு வச்சுக்கிட்டு மீதியக் காட்டுறாக. நீங்களாச்சும் வடிகட்டாம அனுப்புங்கண்ணே."

அன்று மாலையே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். தோற்றவை நீளமாகத்தான் இருந்தன. கட்டைவிரல் உடனே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் போயிருந்தேன். அவள் இளைத்துப் போயிருந்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அய்யா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். கறுத்து வெடித்த பெரிய விரல்கள். சுளையின் மேலிருந்த வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் இருக்கும்போதே அவள் கேட்டுவிட்டாள்.

"அய்யா, டாக்டரு உங்கள மட்டும் கூப்பிட்டு என்னத்தச் சொன்னாரு?"

"தேறிருமுன்னுதான் சொன்னாரு."

"அய்யா."

அவர் சுளையைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அவள், "அண்ணே இருக்கட்டும்" என்றாள்.

"மருந்து புடிக்கலங்குறாக" என்றார் அவர். "இன்னொரு மருந்து இருக்காம். அதுவும் புடிக்கும்னு சொல்ல முடியாதுங்குறாக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னாலும் போங்கங்குறாக." சொல்லி முடித்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

அவள் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள். ஊசி குத்தியிருந்த கை. "இத மொதல்லயே சொல்லிருந்தா, இத்தன நாளு நீங்க ஒத்தையில சொமந்திருக்க வேணாமுல்லய்யா" என்றாள்.

இன்னொரு மருந்தையும் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் அவள் ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை, அவள் உயிரோடு இருக்கும்போது. பரமக்குடி பஸ்ஸில் போய் இறங்கி, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் நடந்து போனேன். வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு, நிழலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று கட்டிலின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து, அவள் பெயரை வடிகட்டிக் காட்டினேன். காத்திருப்பவை மட்டும் ஒரு திரை முழுக்க இருந்தன. ஒவ்வொன்றும் ஓடி முடியப் பல நாள் பிடிக்கும்.

"இத்தனையும் ஓடி முடிய ரொம்ப நாளாகும். மத்தவக வரிசையில நிக்கிறாக. வேண்டாதத எடுத்திருவோம்" என்றாள்.

"எதையும் எடுக்க வேணாம்மா. நிக்கட்டும்."

"நின்னு என்னண்ணே செய்யப் போகுது? எது உண்மையா வருமோ அது ஓடட்டும்."

ஒவ்வொரு ஊரின் பெயராக என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சிலவற்றுக்குத் தலையசைத்தாள். சிலவற்றுக்கு "எடுத்திருங்க" என்றாள். நீக்குகிற விசையை அவளே அழுத்தினாள்; அதற்குக்கூட அந்த விரலுக்கு நேரம் பிடித்தது. அய்யா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் நான் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அந்த ஊரெல்லாம் அவருக்குத் தெரிந்த ஊர்தான். அவர்கள் ஊரின் பெயர் வந்தது. நான் வாசித்துவிட்டு, அடுத்ததற்குப் போகலாம் என்று பார்த்தேன்.

"அதையும் எடுத்திருங்க" என்றாள்.

அய்யா குனிந்தார். "ஏத்தா, நம்ம ஊரையா?"

"நம்ம ஊருக்கு மழ அளவு சரியா இல்லய்யா. கிட்டத்துல எங்கயும் அளக்கல. தூரத்து அளவ வச்சுப் போட்டேன். என்ன வந்தாலும் பொய்யாத்தான் வரும்."

அவர் நிமிர்ந்தார். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டு மீதிப் பெயர்களை வாசித்தேன். கடைசியில் ஆறோ ஏழோ ஊர்கள்தான் வரிசையில் மிச்சம் இருந்தன.

கிளம்பும்போது, "காலையில படம் அனுப்ப மறந்துராதிய" என்றாள்.

மறக்கவில்லை. சில நாள் கட்டைவிரல் வந்தது. பிறகு அது நின்றது. நான் அனுப்புவதை நிறுத்தவில்லை. அவள் அய்யா அழைத்தபோது நான் குளிர் அறைக்குள் இருந்தேன். மின்விசிறிகளின் இரைச்சலில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. "என்ன சொல்றிய?" என்று நான் கத்தினேன். அவரும் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. மகள் போய்விட்டாள் என்பதை ஒரு தகப்பனைக் கத்திச் சொல்ல வைத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

அவளை எடுத்து, சுடுகாடு வரை போய் வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். பழக்கத்தில் கை அவள் பெயரைத் தட்டிவிட்டது. பட்டியல் வந்தது. முதுகுளத்தூர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மற்றவை வரிசையில் காத்திருந்தன. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கடைசிப் பத்தியில் காட்டும். அவள் மூச்சு நின்றபிறகுதான் அது ஆரம்பித்திருக்கிறது. நான் எழுந்து வெளியே போனேன். கடல் பக்கம் வலைகளை உலரப் போட்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை அங்கேதான் வந்தது, சுடுகாட்டில் வரவில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. ஆள் போய்விட்டால் அவருடைய அக்கவுண்ட்டை மூடிவிட வேண்டும். மூடினால் காத்திருக்கும் ஜாப்கள் எல்லாம் போய்விடும். நிலையத்துத் தலைவர் நல்ல மனுஷர்தான். அவரே என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு அக்கவுண்ட்டை மூடிரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. அவளே பொறுக்கி வச்சது. அது ஓடி முடியட்டும் சார்."

"முடிஞ்சா யாரு பாக்கப் போறாங்க?"

"தெரியல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அய்யா அவள் பொருள்களை எடுத்துப்போக வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. அவளுடைய மேஜையில் அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில், செருப்பு, குளிர் அறைக்குள் போடுகிற ஒரு ஸ்வெட்டர், வீட்டிலிருந்து கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிற மிளகாய் வற்றலின் டப்பா. ஸ்வெட்டரை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவ கொடுத்துட்டுப் போனது என்னாச்சு தம்பி?"

"ஓடிக்கிட்டு இருக்குங்கய்யா."

"இப்பமா?"

"இப்பத்தான்."

என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். அவள் பெயரைப் போட்டேன். திரையில் வந்ததை வாசித்துக் காட்டினேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது முடிந்தது என்று சொன்னேன். ஒன்று தோற்றுப்போயிருந்தது. அதையும் சொன்னேன்.

"அத மறுபடி ஓட்ட முடியாதா?"

"எங்கன தப்புன்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதுங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, முதல் பத்திக்கு அடுத்து ஒவ்வொரு வரியிலும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த எழுத்துகளைக் காட்டி, "இது என்ன? எல்லாத்துலயும் இருக்கே" என்றார்.

"அவ பேரு."

திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மேலிருந்து கீழே அந்தப் பத்தியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வெளியே இரண்டு பேர் தங்கள் ஜாப் பற்றிக் கேட்க வந்து நின்றவர்கள், அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நானும் அவசரப்படுத்தவில்லை. எழுந்ததும், "நான் வாரேன் தம்பி" என்றார். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்வெட்டரைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை. அந்த வெயிலில் அதை மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மீதி ஜாப்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியாக ஏர்வாடி. அதை அவள் நினைவகம் கூட்டிக்கேட்டு மறுபடி கொடுத்திருந்தாள். அது நல்லபடியாக முடிந்தது. தலைவரிடம் சொன்னேன். அவள் அக்கவுண்ட்டை மூடினேன். அய்யாவை அழைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். "சரி தம்பி" என்றார். பிறகு வைக்காமல் அப்படியே இருந்தார். நானும் வைக்கவில்லை. பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

அவளுடைய முடிவுகள் எல்லாவற்றையும் சென்னையில் அதே துறையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அனுப்பினோம். அவர் பொறுமையாகப் பார்த்தார். ஒரு நாள் அழைத்தார். ஒரு ஊருக்கு இரண்டு முடிவுகள் இருப்பதாகச் சொன்னார். இரண்டுக்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அவள் எதற்காக அதை மாற்றினாள், எது சரி என்று நினைத்தாள் என்று கேட்டார். அவள் கோப்புகளைத் தேடினேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. என்னிடமும் அவள் சொன்னதில்லை. யாரைக் கேட்பது?

"அப்ப இந்த ஊரை விட்டுற வேண்டியதுதான் சார்" என்றார் அந்தப் பெண், வருத்தத்தோடு. அவர் எழுதுகிற கட்டுரையில் மற்ற ஊர்கள் வரும். அவள் பெயரும் வரும். அந்த ஊர் மட்டும் வராது. அய்யாவிடம் இதைச் சொல்ல வேண்டும். மறைக்காமல் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன்.